பைக் நம்பரில் திறந்த கையெழுத்து

என் கடைச் சுவரில் நாற்பத்து மூன்று ஆணி அடித்திருந்தேன். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு ஆளின் கையெழுத்து தொங்கியது. இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதை நினைத்தால், இப்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

கையெழுத்து என்றால் காகிதத்தில் போடுவது இல்லை. டிஜிட்டல் கையெழுத்து. பார்க்க ஒரு பென் டிரைவ் மாதிரிதான் இருக்கும். டோக்கன் என்போம். அதற்குள் ஓர் ஆளுக்கென்றே உருவாக்கிய ரகசியச் சாவி இருக்கும். கணினியில் செருகி, அந்த ஆளின் ரகசிய எண்ணை அடித்தால் போதும், அவரே தன் கையால் கையெழுத்துப் போட்டதாகச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் சில அரசு வேலைகளின் டெண்டரைக் கணினி வழியாகத்தான் போட வேண்டும் என்று ஆனபோது, ஒப்பந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது தேவைப்பட்டது. கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடி அறையில், அதை வாங்கிக் கொடுக்கும் முகவராக இருந்தேன். என் பேர் முத்துசெல்வி. இந்தச் சாவி இன்னாருடையது என்று சான்றிதழ் கொடுப்பது சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனி. ஆளை நேரில் பார்த்து, படம் எடுத்து, விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்புவது என் பொறுப்பு.

சட்டப்படி டோக்கனைச் சொந்தக்காரர்தான் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. டெண்டர் மூன்று மணிக்கு முடியும். அந்த நேரத்தில் இவர்கள் எங்காவது ஓடைக்கரையில் ஜல்லி இறக்கிக்கொண்டிருப்பார்கள். அது மின்வெட்டு வாட்டிய காலம். இன்வெர்ட்டர் வைத்திருந்தது அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். "தங்கச்சி, எம் பேர்ல ஒண்ணு போட்டுரு" என்று போன் வரும். ஆணியிலிருந்து எடுப்பேன், செருகுவேன், போட்டுவிடுவேன். ரகசிய எண் மறந்துபோகக் கூடாதே என்று டோக்கனின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி அதில் எழுதியும் வைத்தேன். அதுவும் என் மூளையில் உதித்ததுதான். அவரவர் பைக் நம்பரை இரண்டு தடவை அடுத்தடுத்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். எங்கள் ஊரில் யார் பைக் நம்பர் யாருக்குத் தெரியாது?

பதினேழாவது ஆணிக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் பைக் இல்லை. அவர் பாண்டியம்மாள். எப்போதும்வென்றான் என்ற ஊரில் மானாவாரியில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். அவர் கணவர் நல்லக்கண்ணு ஊராட்சித் தலைவராக இருந்ததால் தன் பேரில் வேலை எடுக்க முடியாமல், மனைவியை ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்திருந்தார். நல்லக்கண்ணு இறந்த பிறகு அந்தப் பதிவை அவர் தம்பி சோலைராஜ் நடத்தினார். இரண்டாயிரத்து எட்டில் சான்றிதழுக்காக மதினியை ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்தார். நான் படம் எடுத்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கினேன். நம்பர் என்று வந்தபோது சோலைராஜ் சிரித்தார்.

"மதினிட்ட என்ன பைக்கா இருக்கு? எம் நம்பரப் போட்டுக்கோ தங்கச்சி."

நானும் சிரித்துக்கொண்டே போட்டேன்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் கம்பெனி எங்களை மதுரைக்குப் பயிற்சிக்கு அழைத்தது. தென்மாவட்டங்களுக்கான அதிகாரி கிருஷ்ணகுமார் திரையில் படம் படமாகக் காட்டினார். நாங்கள் கொடுத்துவந்த சாவிகள் ஆயிரத்து இருபத்து நான்கு பிட் நீளம். கணினிகளின் வேகம் வருஷத்துக்கு வருஷம் கூடுவதால் அந்தப் பூட்டு ரொம்ப நாள் தாங்காது, எல்லாவற்றையும் உடைக்கக் கடினமான இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுக்கு மாற்ற வேண்டும் என்றார். அதற்கு முந்தின டிசம்பரில், வெளிநாட்டில் சில ஆராய்ச்சியாளர்கள் வீடியோ கேம் பெட்டிகளை இருநூறு வாங்கி ஒன்றாக இணைத்து, பழைய கணக்குமுறை ஒன்றில் இருந்த பலவீனத்தைப் பிடித்துப் போலிச் சான்றிதழே செய்து காட்டிவிட்டார்களாம். பிள்ளைகள் விளையாடுகிற பெட்டி! எனக்கு வியர்த்துவிட்டது. திரும்பி வரும் பேருந்தில் சாத்தூர் தாண்டியும் அதே நினைப்பு. ஊருக்கு வந்ததும் மாடிப்படிக்குக் கிரில் கதவு போட்டேன். வைரஸ் தடுக்கும் மென்பொருள் வாங்கினேன். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இருநூறு பெட்டிக் கதையைச் சொல்லி மிரட்டினேன். அந்தப் பெட்டிகள் வரிசையாக என் மாடியேறி வரப்போகின்றன என்று நம்பியவள் மாதிரி நடந்துகொண்டேன்.

கம்பெனி ஒரு படிவம் கொடுத்திருந்தது. எந்தச் சாவி யாருடையது, எப்போது கொடுத்தது, எப்போது காலாவதி, எத்தனை பிட், டோக்கன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். சாவிகளை மாற்றுவதற்கு முன்னால் நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒரு மத்தியானம் உட்கார்ந்து நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில் "முகவரிடம்" என்று எழுதினேன். அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. பத்துப் பன்னிரண்டு எழுதியதும் கை தானாக நின்றது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். பூட்டை உடைக்க அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு இருநூறு பெட்டி தேவைப்பட்டது. இங்கே வந்தால் எவனும் ஒரு கையை நீட்டினால் போதும், எண்ணைக்கூட நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். முகத்தில் ரத்தம் ஏறியது. இருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. மெல்ல மெல்ல எல்லாருக்கும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று படிவத்தை மூடி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பாண்டியம்மாள் வந்தார். படியேறிய மூச்சு அடங்குவதற்குள் ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தார்.

"செல்வி, நீதான அன்னைக்கு என்னய படம் எடுத்தது? இத வாசி."

அரசு அலுவலக நோட்டீஸ். விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் புதிதாகக் கட்டிய அங்கன்வாடிக் கட்டடத்தைப் பற்றியது. கரிசலில் கட்டடம் கட்டுகிற எந்தக் கொத்தனாருக்கும் தெரியும், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மண் அது. ஆழமாகத் தோண்டி, கரிசலை அள்ளி வெளியே போட்டு, மணல் நிரப்பித்தான் அஸ்திவாரம் எழுப்ப வேண்டும். இந்தக் கட்டடத்துக்கு இரண்டடிகூடத் தோண்டவில்லை. பிள்ளைகள் உள்ளே போவதற்கு முன்பே சுவரில் கை நுழைகிற அளவு வெடிப்பு. ஒப்பந்தக்காரர் பாண்டியம்மாளை ஏன் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, ஏன் குற்ற வழக்குத் தொடரக் கூடாது, பதினைந்து நாளில் தூத்துக்குடி அலுவலகத்தில் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது.

"நான் அந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பாத்தது கூடக் கிடையாது" என்றார் பாண்டியம்மாள். "நான் கையெழுத்துப் போட்டேம்னு இதுல இருக்கு. கொழுந்தன்ட்ட கேட்டா, 'அது கம்ப்யூட்டர் விசயம், நான் பாத்துக்கிடுதேன்'ங்காரு. நான் போடாத கையெழுத்த யாரு போட்டா? ஒனக்குத் தெரியுமா?"

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் ஒரு பொய் தயாராகி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் விசாரித்துச் சொல்கிறேன் அக்கா என்று அனுப்பிவிடலாம். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போட்டேன் அக்கா" என்றேன். "அண்ணாச்சி போன் பண்ணுவாவ. ஒங்க டோக்கன் இங்கன என்ட்டதான் இருக்கு. எடுத்துப் போட்ருவேன்."

"எத்தன வாட்டி?"

எந்த டெண்டரை எந்த நேரத்தில் யார் சொல்லிப் போட்டேன் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிற பழக்கம் மட்டும் எனக்கு இருந்தது. எடுத்துப் பார்த்தேன்.

"பதினோரு வாட்டி."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"பதினோரு வாட்டி எம் பேர எழுதிருக்க. ஒரே ஒரு வாட்டி எனக்குப் போன் அடிச்சு, போடட்டுமான்னு கேக்கணும்னு தோணலியாட்டி ஒனக்கு?"

"தோணல அக்கா."

அதுதான் நிஜம். படித்தவள், முகவர், மதுரையில் போய்ப் பயிற்சி எடுத்தவள். ஒரு பெண்ணின் பேரில் கையெழுத்துப் போடுவதற்கு அவள் கொழுந்தன் சொன்னால் போதும் என்று எனக்குள்ளும் ஊறிப் போயிருந்தது. ஆண்கள் தங்கள் வேலைக்குத் தாங்களே போன் செய்தார்கள். பாண்டியம்மாளுக்கு மட்டும் வேறொருவர் செய்தார். அதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட என் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

"இத இப்பவே நிறுத்த முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால் சான்றிதழை ரத்து செய்யலாம். படிவத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பேனாவை அழுத்திப் பிடித்து, நிறுத்தி நிதானமாகத் தன் பேரை எழுதினார். சென்னைக்கு அனுப்பி, ஒரு மணிக்கெல்லாம் பதினேழாவது சான்றிதழ் செத்துப் போனது.

"ஆனா ஒண்ணு அக்கா. ரத்து செஞ்சா இனிமேப்பட்டுத்தான் செல்லாது. இதுவரைக்கும் போட்டது போட்டதுதான். சட்டப்படி அது ஒங்க கையெழுத்து."

"அப்ப நான் பாக்காத சுவருக்கு நான் ஜெயிலுக்குப் போணுமா?"

"போக விடமாட்டேன்."

சொல்லிவிட்டேன். அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதும், அது என் தலையில் வந்து விடியும் என்பதும் சொல்லும்போதே தெரிந்தது.

அவர் போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது, சோலைராஜ் போன் செய்தார். வழக்கம் போலத்தான். "தங்கச்சி, மதினி பேர்ல ஒண்ணு இருக்கு. மூணு மணிக்குள்ள போட்டுரு."

"அது செல்லாது அண்ணாச்சி. ரத்து பண்ணியாச்சு."

ஊருக்குள்தான் இருந்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் மாடியில் நின்றார். சோலைராஜ் ஒப்பந்தக்காரர் சங்கத்துக்கும் தலைவர். ஆணியில் தொங்கிய மற்றவர்களும் அவர் சொல்லித்தான் என்னிடம் வந்தவர்கள்.

"யாரக் கேட்டு ரத்து பண்ணுன?"

"யாரோட கையெழுத்தோ அவியளக் கேட்டு."

"அது எங்க குடும்பத்துப் பதிவு. எங்கண்ணன் வாங்குனது. மதினிக்கு என்ன தெரியும் அதப் பத்தி?"

"பதிவு குடும்பத்துக்கு இருந்துட்டுப் போகட்டும். கையெழுத்து ஒரு ஆளுக்குத்தான் அண்ணாச்சி." எனக்குக் குரல் ஏறிவிட்டது. "நாங்க ஆடு மேய்ச்ச குடும்பம். எங்க ஆட்டுக்கு அடையாளமா எங்கய்யா அதுக காதுல ஒரு வெட்டுப் போடுவாவ. அதே வெட்ட இன்னொருத்தன் போட்டுட்டு, நானும் ஒங்க சொந்தந்தானன்னு பல்லக் காட்டுனா எங்கூர்ல கட்டி வச்சுத் தோல உரிச்சுருவாவ."

சோலைராஜ் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நொடி யோசித்தார்.

"அப்ப மொதல்ல ஒன்னயல்லா கட்டி வைக்கணும்? நான் சொன்னேன், சரி. வெட்டுப் போட்டது ஒங் கைதான?"

"ஆமா. அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

"கோவப்படாத தங்கச்சி. நானும் மதினிய விட்ருவனா? வழி இருக்கு. நீதான அன்னைக்குச் சொன்ன, இருநூறு பெட்டிய வச்சு எவனோ போலிச் சான்றிதழ் செஞ்சுட்டான்னு? அதையே சொல்லுவோம். பழைய சாவி, வலுவில்ல, வெளிநாட்டுக்காரன் எவனோ உள்ள புகுந்து மதினி பேர்ல போட்டுட்டான். மதினிக்கும் கேசு இல்ல. ஒனக்கும் இல்ல. கம்பெனிக்காரனே இந்தப் பூட்டு சரியில்லன்னு எழுதிக் குடுத்திருக்கான்லா?"

நான் பயந்து பயந்து ஊரெல்லாம் சொன்ன கதை எனக்கே வலையாகத் திரும்பி வந்தது. சொல்லப்போனால் நல்ல கதைதான். அலுவலகத்தில் யாருக்கும் இந்தத் தொழில்நுட்பம் புரியாது, மறுத்துப் பேச ஆள் கிடையாது. ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் பூட்டு மேல் பழி போட்டுவிட்டால் சாவியை யார் வைத்திருந்தார்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். பூட்டை மாற்றுவோம், புது டோக்கன் வரும், அதையும் சோலைராஜ் என்னிடமே கொண்டுவந்து மாட்டுவார். பாண்டியம்மாளின் பேர் இன்னொரு சுவரில் வெடிக்கும்.

"வெளிநாட்டுக்காரன் வேற சோலி இல்லாம, விளாத்திகுளத்துக்கு அங்கன்வாடி கட்ட வந்தானாக்கும்" என்றேன். "டெண்டரப் போட்டது அவன்னே வச்சுக்கிடுவோம். ரெண்டடி தோண்டி மூடுனதும் அவனா?"

சோலைராஜ் எழுந்தார். "நாளைக்கே அத்தன பேரையும் கூட்டிட்டு வேற எடத்துக்குப் போறேன். நீ இங்கன ஆணிய எண்ணிட்டு இரு."

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே நான் குடுத்துருதேன். ஆனா ஒங்க கையில ஒங்களோடது மட்டுந்தான் தருவேன்."

அவருடையதைக் கழற்றி மேசையில் வைத்தேன். வாங்காமலே படியிறங்கினார். நான் நிறுத்தவில்லை. எல்லா டோக்கன்களையும் கழற்றி, பிளாஸ்திரிகளை உரித்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். பாண்டியம்மாளுடையதை மட்டும் உரிக்கவில்லை, பிளாஸ்திரியோடு ஓர் உறையில் போட்டு ஒட்டினேன். மற்றவர்கள் அடுத்த மூன்று நாளும் வந்தார்கள், என்னை ஏசினார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். புது நீளச் சாவி வேண்டுமென்றால் அவரவரே வந்து உட்கார வேண்டும், எண்ணை அவரவர் விரலால் அடிக்க வேண்டும், பைக் நம்பர் கூடாது, டோக்கன் அவரவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அய்யாத்துரை என்று ஒரு பெரியவர், சாலை வேலை செய்கிறவர், ரொம்பவே மனம் வருந்தினார்.

"ஒம் மேல எனக்கு நம்பிக்க இருக்குத் தாயி. நீயே வச்சுக்கோயேன்."

"எம் மேல எனக்கு இல்ல அண்ணாச்சி."

இருபத்தாறு பேர் சோலைராஜோடு போய்விட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஒருவர் புதிதாகக் கடை போட்டு, டோக்கன்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்துத் தருவதாக நோட்டீஸ் அடித்திருந்தார். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கிருஷ்ணகுமாருக்கு விஷயம் போய்விட்டது. போனில் பேசினார்.

"மேடம், எழுத்துல எதுவும் கொடுக்காதீங்க. கேட்டா, எப்படி நடந்ததுன்னு தெரியலைன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க எழுதிக் கொடுத்தீங்கன்னா ஏஜென்சி போயிடும். கம்பெனி பேரும் கெட்டுடும்."

"சார், ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு பிட் பூட்டு விக்குத கம்பெனிக்கு ஒரு பக்க காயிதத்தப் பாத்து இம்புட்டு பயமா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கண்ணபிரான் பேருந்து நடத்துநர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஜெயிலுன்னு ஆயிட்டா என்னட்டி செய்ய?" என்று மட்டும் கேட்டார். ஆகிவிட்டால் ஆகட்டும், அந்த அம்மாவுக்குப் பதிலாக நான் போவதுதானே சரி என்றேன். சாப்பிடாமல் எழுந்து போனார். விசாரணை நாளன்று விடுப்புப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். பேருந்தில் தூத்துக்குடி போய் இறங்கும்போது என் பையை வாங்கிக்கொண்டார்.

செயற்பொறியாளர் அறையில் பாண்டியம்மாளும் சோலைராஜும் ஏற்கெனவே இருந்தார்கள். சோலைராஜ் எப்போதும்வென்றானிலிருந்து பைக்கிலேயே வந்துவிட்டார். அவர்தான் முதலில் பேசினார். வெளிநாடு, ஊடுருவல், பழைய சாவி, கம்பெனியே ஒப்புக்கொண்ட பலவீனம் என்று என்னிடம் கேட்ட வார்த்தைகளை என்னைவிட நன்றாகச் சொன்னார். கையில், பழைய சாவிகளை மாற்றச் சொல்லிக் கம்பெனி அனுப்பிய சுற்றறிக்கையின் நகல் வேறு. அதிகாரி அதை வாங்கிப் படித்தார், நெற்றியைத் தேய்த்தார், குறித்துக்கொள்ளத் தொடங்கினார். பாண்டியம்மாள் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. சொன்னதைச் செய்வாயா மாட்டாயா என்று கேட்கிற பார்வை.

"சார், அந்தச் சுற்றறிக்கை உண்மைதான்" என்று எழுந்தேன். "பழைய சாவிய எதிர்காலத்துல எவனாவது ஒடைப்பான். அதுக்குத்தான் மாத்துதோம். ஆனா இந்தச் சாவிய எவனும் ஒடைக்கல. ஒடைக்க வேண்டிய அவசியமே இல்ல. என் கடையில ஆணியில தொங்குச்சு."

எழுதி வந்த காகிதத்தை வைத்தேன். பதினோரு டெண்டர், பதினோரு தேதி, போட்ட நேரம், சொன்ன போன் நம்பர், செருகிய கை. எல்லா வரியிலும் செருகிய கை என்னுடையது. பிறகு உறையைப் பிரித்து டோக்கனை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"இதத் தொறக்குத நம்பர் இந்தப் பிளாஸ்திரியில இருக்கு சார். கீழ அண்ணாச்சி பைக் நிக்கி. ஒரு தடவ எட்டிப் பாத்துருங்க."

அதிகாரி டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கீழே பார்த்தார், பிளாஸ்திரியைப் பார்த்தார், மறுபடி கீழே பார்த்தார்.

"இதைக் கொடுத்தா உங்க மேலயும் நடவடிக்கை வரும்மா" என்றார் அதிகாரி. "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"யோசிச்சுத்தான் சார். கீழ கையெழுத்தும் போட்ருக்கேன். அது என்னோடதுதான்."

பாண்டியம்மாள் மேலிருந்த நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள். சோலைராஜ் மேல் போலீசில் புகார் போனது. அதே புகாரில் இரண்டாவது பேர் என்னுடையது. காவல் நிலையத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தேன். பதினைந்து நாளில் முகவர் பணியை முடித்து எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கடிதத்தைப் படித்தபோது அழுகை வந்தது. ஆறு வருஷம் ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து உண்டாக்கிய கடை. அழுது முடித்துவிட்டு, மீதி இருந்த பதினைந்து பேருக்கும் புதுச் சாவி போட்டு முடித்தேன். போகிறபோது ஒரு பழைய சாவியைக்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று வீம்பு.

பதினான்காம் நாள் காலையில் பாண்டியம்மாள் படியேறி வந்தார். கையில் விண்ணப்பம், படம், முகவரிச் சான்று எல்லாம் வரிசையாக இருந்தன.

"எனக்குப் புதுசு ஒண்ணு போடு."

"இன்னும் எதுக்கு அக்கா இந்த வம்பு? ஒப்பந்தப் பதிவையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்லா?"

"நான் ஏன் வேண்டாம்னு எழுதணும்? அந்த அங்கன்வாடிய இடிச்சுட்டு மறுபடி கட்டப் போறாவளாம். டெண்டர் வருதாம். நான் கேக்கப் போறேன்." விண்ணப்பத்தைத் தட்டி வைத்தார். "முப்பது வருசமா அந்த மண்ணுலதான் கெடக்கேன். எத்தன அடி தோண்டுனா கெட்டி மண்ணு வரும்னு எனக்குத் தெரியும். எம் பேர்ல வெடிச்ச சுவரு, எம் பேர்லயே நிக்கட்டும்."

அன்றைக்கே சென்னையில் பேசி, அவசரம் என்று சண்டை போட்டு, அனுமதி வாங்கினேன். மத்தியானம் அவரை என் நாற்காலியிலேயே உட்கார வைத்துப் புது டோக்கனைச் செருகச் சொன்னேன். இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பிட் சாவி உருவாகக் கொஞ்ச நேரம் ஆனது. திரையில் ரகசிய எண் கேட்டு ஒரு கட்டம் வந்தது. எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, பிறந்த தேதி வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம், எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆள்காட்டி விரலை நீட்டிக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, அங்கிட்டுத் திரும்பு."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் அக்கா."

"சொல்லுவியோ மாட்டியோ. திரும்பு."

சுருக்கென்றுதான் இருந்தது. அவருக்காக என் கடையைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அடுத்த நொடியே மனசு நிறைந்து போனது. திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. நடுவில் நீண்ட இடைவெளி, மறுபடி தட்டல். உறுதி செய்யக் கணினி இரண்டாம் தடவை கேட்டிருக்கும், அதையும் தடுமாறாமல் அடித்து முடித்தார்.

"திரும்பலாமா அக்கா?"

"இரு" என்றார். "நான் இன்னும் சொல்லல."